குருவுக்கு எப்போது கொடுப்பது?

மாணவன் தன் ஆசிரியருக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று மனுநூல் ஒரு பட்டியல் தருகிறது. நிலம், பொன், பசு, குதிரை என்று பெரிய இடத்தில் தொடங்கும் பட்டியல், குடை, செருப்பு என்று இறங்கி, தானியம், கீரை, துணி என்று முடிகிறது. இயலாதவன் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்தாலும் போதும், குருவின் மனம் குளிர்ந்தால் சரி என்பது அதன் கருத்து. ஆனால் அதற்கு முந்திய சுலோகத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. படிப்பு முடிந்து, நீராடி, வீடு திரும்பும் நாள் வரும்வரை மாணவன் ஆசிரியருக்கு எதையும் கொடுக்கக் கூடாது.

எதைக் கொடுப்பது என்பதில் இவ்வளவு தாராளமாக இருக்கும் நூல், எப்போது கொடுப்பது என்பதில் ஏன் இத்தனை கறாராக இருக்கிறது?

இந்த நூலை எடுத்துப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சூத்திரருக்கு வேதக் கல்வியை மறுத்த நூல் அது. இன்று இலங்கையின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளில் வாழும் மக்களின் முன்னோரில் பெரும்பாலோருக்கு அது சொல்லும் குருகுலத்தின் வாசலில்கூட இடம் இருந்திருக்காது. அதன் அதிகாரத்துக்கு யாரும் தலைவணங்க வேண்டியதில்லை. ஆனால் அது எழுப்பும் கேள்வி தோட்டப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு தாயின் முன்னாலும் ஆண்டுதோறும் வந்து நிற்கிறது. அதனால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6. நவராத்திரியும் பாடசாலைகளில் நடக்கும் வாணி விழாவும் அதே பருவத்தில் வருகின்றன. அவல், கடலை, பொங்கல் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து சரசுவதிக்குப் படைத்து எல்லோரும் பகிர்ந்து உண்கிறார்கள். விஜயதசமியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிறார்கள். பின்னர் தீபாவளி, மூன்றாம் தவணைப் பரீட்சை, ஆண்டிறுதி விடுமுறை. வெற்றிலை கொடுத்து ஆசிரியரின் காலைத் தொட்டு வணங்கும் வழக்கம் சிங்களப் பாடசாலைகளில் ஆழமாக வேரூன்றியது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலும் அதைக் காணலாம். இதுவரைக்கும் எந்தத் தாய்க்கும் சங்கடமில்லை. வெற்றிலை எல்லோர் கையிலும் ஒன்றுதான். வாணி விழாவில் யார் வீட்டு அவல் எவ்வளவு என்று எவரும் பார்ப்பதில்லை.

சங்கடம் ஆண்டிறுதியில் ‘பிரசண்ட்’ வாங்கும்போது தொடங்குகிறது. சுவர்க்கடிகாரம், கோப்பை செட், கண்ணாடிப் பொம்மை, பேனாப் பெட்டி, வசதி இருந்தால் ஒரு சாரி. பளபளக்கும் தாளில் சுற்றி, மேலே பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதி, ஆசிரியரின் மேசையில் வைக்கப்படும் பொதி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் பேர் விழுந்த, அதாவது முழுநாள் வேலை பதிவான நாட்களுக்கு மட்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், வேலைக்குப் போகாத நாளில் அதுவும் இல்லை. ஒரு சாரியின் விலை அந்தத் தாயின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டிப் போகும். தீபாவளி முற்பணத்தைக் கழித்துக்கொண்டு வரும் சம்பளத்தில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து பறித்தால் வரும். இல்லையென்றால் கடையில் கடன் ஏறும்.

திருக்குறளின் ஈகை அதிகாரம் முதல் குறளிலேயே ஓர் எல்லை போடுகிறது. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை. மற்றவருக்குக் கொடுப்பதெல்லாம் பின்னர் அளந்து வாங்கிக்கொள்ளும் எதிர்பார்ப்போடு கொடுப்பது. கொழுந்துக் கூலி வாங்கும் வீட்டிலிருந்து மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்குப் போகும் பொதியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மனம் கலங்கும். அந்தத் தாய் எதையும் திருப்பி எதிர்பார்க்காமல் இருக்கலாம். ஆனால் அந்த மேசையில் இருபது பொதிகள் இருக்க, தன் பொதி மட்டும் இல்லாவிட்டால் தன் பிள்ளையை ஆசிரியர் எப்படிப் பார்ப்பாரோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. பயத்தில் கொடுப்பது காணிக்கை ஆகாது. அந்த நாளில் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளையின் மனத்தில் நடப்பதும் அந்த மேசையோடு சேர்ந்ததுதான்.

மனுநூலின் கறார் இங்கே புரியத் தொடங்குகிறது. படிப்பு நடக்கும்போது ஆசிரியர் நீதிபதியாகவும் இருக்கிறார். புள்ளி போடுபவர் அவர், முன்வரிசையில் இருத்துபவர் அவர், தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு யாரைக் கூடுதலாகக் கவனிப்பது என்று முடிவு செய்பவரும் அவர். நல்லாசிரியருக்கு உவமை சொல்லும்போது நிலம், மலை, மலர் இவற்றோடு துலாக்கோலையும் நன்னூல் சேர்த்திருக்கிறது. தராசு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தட்டில் யாரும் எதையும் வைக்கக் கூடாது.

கொடுப்பவரைவிட வாங்குபவருக்கே பொறுப்பு அதிகம் என்று சொன்ன ஒரு குரல் இன்னும் பழையது. பிருகதாரண்யக உபநிடதத்தில் ஜனக மன்னர் யாக்ஞவல்கியரிடம் பாடம் கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் மகிழ்ந்து, யானை போன்ற காளையோடு ஆயிரம் பசுக்களைத் தருகிறேன் என்கிறார். யாக்ஞவல்கியர் அப்போது எடுத்துக்கொள்வதில்லை. முழுமையாகக் கற்பிக்காமல் மாணவனிடமிருந்து எதையும் பெறக்கூடாது என்பது என் தந்தையின் கருத்து என்கிறார். மன்னர் மறுபடி கேட்கிறார், பாடம் நகர்கிறது, மறுபடி ஆயிரம் பசு, மறுபடி அதே பதில். கொடுப்பவர் நாடாளும் அரசர். அவருக்கு ஆயிரம் பசு பாரமில்லை. ஆனாலும் கற்பித்து முடியவில்லை என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது.

யாக்ஞவல்கியரின் தந்தை வகுத்த அந்த விதியைத் துரோணரிடம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஏகலைவனுக்கு அவர் ஓர் அம்பு பிடிக்கக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை. வேடன் மகன் என்று திருப்பி அனுப்பியவர், மண்ணில் செய்த தம் உருவத்தின் முன் அவன் தானாகக் கற்ற வித்தைக்குக் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார். அவன் கொடுத்தான். பக்திக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதை எத்தனையோ மேடைகளில் சொல்லப்படுகிறது. உண்மையில் அது வாங்கக் கூடாதவர் வாங்கிய கதை. கொடுத்தவனின் மனம் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும், வாங்கியவரின் குற்றம் அதனால் குறைவதில்லை. தேயிலை மலைகளின் பள்ளி வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் கல்வி தரத் துரைமாரை முதன்முதலில் கட்டாயப்படுத்தியது 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம். ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை, தாய்மொழியில், அவ்வளவுதான். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகையும் ஒரே ஒரு வாத்தியாரும் பாடசாலையாக இருந்த தோட்டங்கள் ஏராளம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது, தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்த இந்தப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. மூன்று ஆண்டுகளில் தோட்ட மக்களின் குடியுரிமையும் போயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977இலிருந்து படிப்படியாகத்தான் அரசு இவற்றைப் பொறுப்பேற்றது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு உரிமையாகக் கிடைத்த ஒன்றை ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பெறாமல் இருந்த சமூகம் இது. எழுத்தறிவித்தவரைத் தெய்வமாகக் காணும் பழக்கம் இங்கே இவ்வளவு அழுத்தமாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

உரிமையாகக் கிடைக்கவேண்டிய கல்வி கருணையாகக் கிடைப்பதுபோல் தெரியும்போது, நன்றி கடனாக மாறிவிடுகிறது. அரச பாடசாலையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு அந்தத் தாய் கடன்பட்டவள் அல்ல. அவளும் அவள் முன்னோரும் பறித்த கொழுந்து தேயிலையாகி ஏற்றுமதியாகி நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கணக்குப் பார்த்தால் பாக்கி வேறு பக்கத்தில்தான் நிற்கும். அரச ஆசிரியர் அரச ஊழியர் என்பதையும் மறக்கக் கூடாது. கடமைக்குக் கையூட்டுப் பெறுவது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். ஆண்டிறுதிப் பொதியைக் கையூட்டு என்று சொல்வது அநியாயம். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைப் பிள்ளைகளின் கண்முன் மங்கவிடுவதும் நல்லதல்ல.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. அதற்குக் கனமும் உண்டு. ஏழைக்குக் கொடுக்கும் உரிமை இல்லையா? லயத்து வாசலில் தானே நட்டு வளர்த்த கோவாவையோ, பேரிக்காயையோ, வீட்டுக்குக் கிடைத்த தேயிலைத் தூளில் ஒரு பொட்டலத்தையோ முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து டீச்சரின் கையில் வைக்கும் தாயை, சட்டம் பேசித் திருப்பி அனுப்ப எவருக்கு மனம் வரும்? வாங்கிக்கொண்டே இருப்பவராக மட்டும் ஒரு மனிதரை நிறுத்திவைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவது. எருசலேம் ஆலயத்தில் இரண்டு செப்புக்காசு போட்ட ஏழை விதவையை இயேசு சுட்டிக்காட்டி, எல்லோரையும்விட அதிகம் போட்டவள் இவளே என்று சொன்னதை மலையகத்துக் கிறிஸ்தவ வீடுகள் நன்கறியும். அந்த விதவையைப் போடாதே என்று அவர் தடுக்கவில்லை.

தைத்திரீய உபநிடதத்தில் படிப்பை முடித்துப் போகும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரை இருக்கிறது. ஆசிரியருக்குப் பிரியமான செல்வத்தைக் கொண்டுவந்து கொடு என்கிறது அது. பின்னர், எவருக்குக் கொடுத்தாலும் எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறது: சிரத்தையோடு, உன் நிலைக்குத் தக்கபடி, நாணத்தோடு, அச்சத்தோடு, புரிதலோடு. நாணமும் அச்சமும் ஏன்? நாம் கொடுப்பது எவ்வளவானாலும் பெற்றதற்கு ஈடாகாதே என்ற நாணம், கொடுத்தோம் என்ற கர்வம் வந்துவிடுமோ என்ற அச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நாணமும் அச்சமும் அரசனுக்கும் இருக்க வேண்டும். மேசையில் அடுக்கிய பொதிகளின் நடுவே தன் பொதி சின்னதாக இருக்கிறதே என்று பிள்ளை கூசுவது முற்றிலும் வேறு. முதலாவது கொடுப்பவரைப் பெரியவராக்குகிறது. இரண்டாவது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டின் வறுமையை வகுப்பறையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது.

ஆக, முந்தானையில் வந்த கோவாவில் குற்றமில்லை. எல்லோரும் பார்க்க, ஒரே நாளில், பெயரெழுதி, வரிசையில் வைக்கச்சொல்வதில்தான் குற்றம்.

கொடுப்பவரின் பிடிவாதமும் சில வேளை கேட்டை விளைவிக்கிறது. காளிதாசரின் ரகுவம்சத்தில் கௌத்சன் என்ற மாணவன் படிப்பு முடித்து, குரு வரதந்துவிடம் காணிக்கை என்ன வேண்டும் என்று கேட்கிறான். இவ்வளவு நாள் நீ செய்த பணிவிடையே போதும் என்கிறார் குரு. கௌத்சன் விடவில்லை. மறுபடி மறுபடி கேட்கவே, குருவுக்குச் சினம் மூண்டு, நீ கற்ற பதினான்கு வித்தைக்குப் பதினான்கு கோடி கொண்டுவா என்கிறார். கௌத்சன் ரகு மன்னனிடம் போகிறான். தன் செல்வம் முழுவதையும் வேள்வியில் தானம் செய்துவிட்டு மண்பாத்திரத்தோடு நிற்கும் மன்னன், குபேரன்மேல் படையெடுத்தாவது கொண்டுவரத் துணிகிறான். பொன்மழை பொழிந்து கதை நல்லபடியாக முடிகிறது. காவியத்தில் பொன்மழை பொழியும். கொட்டகலையில் பொழியாது. போதும் என்று ஆசிரியர் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கமும் மாணவனுக்கும் பெற்றோருக்கும் வேண்டும்.

பௌத்த மரபு இன்னொரு திசையில் போகிறது. சிகாலோவாத சூத்திரத்தில் புத்தர் ஓர் இல்லறத்து இளைஞனுக்கு, மாணவன் ஆசிரியரைப் போற்றும் ஐந்து வழிகளைச் சொல்கிறார். அவரைக் கண்டால் எழுந்திருப்பது, அவருக்கு உதவியாக அருகில் நிற்பது, ஆவலோடு கேட்பது, பணிவிடை செய்வது, கற்பதைக் கருத்தோடு கற்பது. ஐந்திலும் பொருள் என்று ஒன்றுமில்லை. ஒரு ரூபாகூடச் செலவில்லாமல் தரம் ஒன்றுப் பிள்ளையும் செய்யக்கூடியவை. ஆசிரியர் மாணவனுக்குச் செய்யவேண்டிய ஐந்தும் உடனே தொடர்ந்து வருகின்றன. நல்ல முறையில் பயிற்றுவிப்பதும், கற்றது மனத்தில் பதியுமாறு செய்வதும், தெரிந்ததை ஒளிக்காமல் முழுவதும் சொல்லிக்கொடுப்பதும் அவற்றில் அடங்கும்.

ஆனால் ஆசிரியரே வறியவராக இருந்தால்? இதுவும் மலையகத்தில் கற்பனை அல்ல. 2015ஐ ஒட்டி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர் யுவதிகள் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அப்போது நடைமுறையில் இருந்த 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 620 ரூபா. பத்து நாள் கொழுந்துக் கூலிக்கும் குறைவான பணத்தில் ஒரு மாதம் முழுவதும் பாடம் நடத்தினார்கள். பலர் அதே லயங்களில் பிறந்து, உயர்தரம் படித்து, அதே தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவர்கள். கொடுப்பனவு பின்னர் 10,000 ரூபாவானது, அதுவும் கேட்டுப் போராடிய பிறகு. அந்த நாட்களில் அவர்களுக்கு ஒரு நேரச் சோறு போட்ட வீடுகள் செய்தது எந்த நூலின் கணக்கிலும் தவறாகாது.

புறநானூற்றின் 183ஆம் பாட்டு அதைத்தான் முதலில் சொல்கிறது. ஆசிரியருக்கு இடர் வந்தபோது உதவு, மிகுந்த பொருளும் கொடு, பணிந்து நின்று கற்பதை வெறுக்காதே. பாடியவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னன். கீழ்ப்பிறப்பு எனப்பட்டவன் கற்றுவிட்டால் மேற்பிறப்பு எனப்பட்டவன் அவன்பின் செல்வான் என்றும் அதே பாட்டில் சொல்லியிருப்பதால், மனுநூலைவிட இந்தப் பாண்டியன் மலையக மக்களுக்கு நெருங்கியவன். பொருளைச் சொல்வதற்கு முன்பே அவன் ஆசிரியரின் இடரைச் சொல்லிவிட்டான். நாள் பார்த்து எல்லோரும் ஒன்றுபோலச் செய்யும் சடங்குக்கு அங்கே இடமில்லை.

நெடுங்காலம் கழித்துச் செலுத்தப்படும் காணிக்கைக்கும் மலையகத்தில் எடுத்துக்காட்டு உண்டு. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி 1892இல் மெதடிஸ்த மிஷனரிகள் தொடங்கியது. 1960களில் அங்கே கற்பித்த இருவரை மலையக இலக்கியமும் அரசியலும் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன. ஒருவர் இர. சிவலிங்கம், மற்றவர் எஸ். திருச்செந்தூரன். வகுப்புக்கு வெளியே எழுதவும் பேசவும் ஒரு தலைமுறையைத் தூண்டிவிட்டவர்கள் இவர்கள். ‘நாங்கள் மலையகத்தார்’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சிவலிங்கம் பின்னர் தமிழகம் சென்று, சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையால் அங்கே அனுப்பப்பட்ட தாயகம் திரும்பியோர் நடுவே பணியாற்றினார். 1999இல் காலமானார். அதன் பிறகு அவர் பெயரால் நினைவுக் குழு அமைந்து, பேருரைகள் நடத்தப்பட்டன. மலையகக் கல்வியையும் நிலத்தையும் வாழ்வையும் பற்றிய ஆய்வுகளுக்கு அது மேடையானது. ஊவாவின் தெளிவத்தை தோட்டத்தில் ஆசிரியராக இருந்த ஜோசப், அந்தத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டு 2022இல் மறையும்வரை தெளிவத்தை ஜோசப்பாகவே எழுதினார். தாம் கற்பித்த இடத்துக்கு ஆசிரியர் செய்த காணிக்கை என்று அதைச் சொல்லலாம்.

சிவலிங்கத்தின் பெயரால் நடந்த நினைவுப் பணி வாங்கியவர் திருப்பித்தர முடியாத காலத்தில் செய்யப்பட்டது. அதனால் எவருக்கும் புள்ளி ஏறாது, முன்வரிசை கிடைக்காது. மேலும் அது அவருக்குப் போய்ச் சேராமல், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. படிப்பு முடியும்வரை கொடுக்காதே என்ற பழைய நிபந்தனையின் முழு நியாயமும் இங்கேதான் தெரிகிறது. கற்றது பிள்ளையில் விளைந்திருக்கிறதா என்று ஆண்டிறுதியில் தெரியாது. தெரியும்போது கொடுப்பதற்குச் சரியான பொருளும் தானாகத் தெரிந்துவிடுகிறது.

வெளிநாடுகளில் சிலர் இதைச் சட்டத்தால் தீர்த்திருக்கிறார்கள். தென்கொரியாவில் மே 15 ஆசிரியர் தினம். அன்று ஆசிரியருக்குச் செங்கார்னேஷன் மலர் கொடுப்பது அந்நாட்டு மரபு. 2016 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் அதையும் விடவில்லை. மாணவர் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் கொடுக்கும் மலருக்கு மட்டுமே அனுமதி. தனித்தனியே கொடுக்கக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரு பெற்றோரிடமிருந்து 50 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியான பரிசை வாங்க முடியாது; வகுப்பு முழுவதும் சேர்ந்து 150 டொலர்வரை கொடுக்கலாம், ஆனால் யார் எவ்வளவு போட்டார் என்பது ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. ஒரு மலருக்குக்கூடச் சட்டமா என்று முதலில் தோன்றும். ஆனால் இரண்டு சட்டங்களும் பாதுகாப்பது ஒன்றையே: கொடுக்க முடியாத பிள்ளை தனியே தெரியாமல் இருக்க வேண்டும்.

மலையகத்துக்கு இதற்காகப் புதுச் சட்டம் தேவையில்லை. வாணி விழாவில் எல்லோர் வீட்டு அவலும் ஒரே தட்டில் கலக்கிற வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. மூன்றாம் தவணையின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே, இந்த ஆண்டு எவரும் தனியாகப் பரிசு கொண்டுவர வேண்டாம் என்று அதிபரும் ஆசிரியர்களும் வாயால் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் இதைச் சொல்ல முடியாது; சொன்னால் கொடுக்க மனமில்லாதவர் என்ற பெயர் வரும். வாங்குபவர்தான் சொல்ல முடியும், யாக்ஞவல்கியர் சொன்னதுபோல. ஆசிரியர் தினத்தில் வெற்றிலையும் வணக்கமும் போதும். பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. அப்பியாசக் கொப்பியில் ஒரு தாள் போதும். வகுப்பாகச் சேர்ந்து ஏதாவது செய்ய விரும்பினால், அது பாடசாலை நூலகத்துக்கு நூலாகவோ, மழைக்காலத்துக்குப் பொதுவான குடைகளாகவோ போகட்டும்.

தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் சேர்மாரிடமும் டீச்சர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் அதே லயத்துப் பிள்ளைகளாக இருந்தவர்கள். பொதி கொண்டுவர முடியாமல் ஆண்டின் கடைசி நாளில் வீட்டில் நின்றுவிடும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், வெறுங்கையோடு வந்தால் போதும் என்று.